துடைப்பம் ஏந்திய துறவி: காட்கே மகராஜ்

நாம் குடியேறி வாழும் இம் மராட்டிய நாட்டில் எந்த ஊருக்குச் சென்றாலும், பள்ளிக்கூடத்தின் சுவரிலோ, நாற்சந்தியிலோ, தர்மசாலையின் வாயிலிலோ ஒரு முதியவரின் உருவத்தைக் காணலாம். நரைத்த தாடி, பல நிறக் கந்தல்களை ஒட்டுப்போட்டுத் தைத்த ஆடை, ஒரு கையில் துடைப்பம், மறு கையில் உடைந்த மண்பானையின் ஓடு. தெய்வத் திருவுருவங்களின் கையில் சூலத்தையும் சங்கையும் கண்டு பழகிய நம் கண்களுக்கு, மாலை சூட்டப்பெற்ற படமொன்றில் துடைப்பத்தைக் காண்பது முதலில் வியப்பாகவே இருக்கும். மராத்திப் பள்ளிகளில் பயிலும் நம் வீட்டுக் குழந்தைகள் அவர் பெயரைக் கேட்டிருப்பர். பெற்றோராகிய நம்முள் பலர், யாரோ ஒரு சாமியார் என்று எண்ணி அப்படத்தைக் கடந்து சென்றுவிடுகிறோம். அவரே காட்கே மகராஜ் என்றும் காட்கே பாபா என்றும் மராட்டியர் அன்போடு அழைக்கும் பெரியார்.

உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கிய அப்பரடிகளை நாம் அறிவோம். 1867ஆம் ஆண்டு வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, அங்கு அடுப்பின் நெருப்பு அணையாதிருக்க வகைசெய்த வள்ளலாரையும் அறிவோம். இவ்விருவர் தொண்டும் ஒருவரிடத்திலே கூடியிருந்தால் எவ்வாறிருக்கும் என்று எண்ணிப் பார்ப்போர்க்குக் காட்கே மகராஜின் வாழ்க்கை விளங்கும். எனினும் அப்பர் பாடினார், வள்ளலார் பாடினார். காட்கே மகராஜ் எழுதப் படிக்க அறியாதவர். அவர் விட்டுச் சென்ற நூல் எதுவும் இல்லை. கற்களாலும் சுண்ணாம்பாலும் ஆன தர்மசாலைகளே அவர் இயற்றிய நூல்கள்.

விதர்ப்ப நாட்டில், அமராவதி மாவட்டத்து அஞ்சன்காவ் வட்டத்தைச் சேர்ந்த ஷேண்ட்காவ் என்னும் சிற்றூரில் 1876ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டேபுஜி. தந்தையார் ஜிங்கராஜி, தாயார் சகுபாய். ஊரார் துணி வெளுக்கும் பரீட் குலத்தினர். ஜிங்கராஜி கெட்ட மனிதரல்லர். ஆயினும் குடிப்பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. நிலமும் உடலும் ஒருங்கே அழிந்து, மகனுக்கு எட்டு வயது இருக்கும்பொழுதே அவர் மாண்டார். வீடும் வாசலும் இழந்த சகுபாய், சிறுவனைக் கைப்பிடித்துக்கொண்டு மூர்த்திஜாபூர் வட்டத்துத் தாபுரே கிராமத்திலிருந்த தம் பிறந்தகத்தை அடைந்தார். பிற்காலத்தில் பல்லாயிரம் பேருக்கு இருக்க இடம் தேடித் தந்தவர், தம் எட்டாம் வயதிலேயே இருக்க இடமின்றி அயலூர் சென்றவர் என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

மாமன் வீட்டில் சிறுவன் சும்மா இருக்கவில்லை. மாடு மேய்த்தான், ஏர் பிடித்தான், இரவில் ஊர்ப் பஜனையில் முன்வரிசையில் அமர்ந்து பாடினான். 1892இல் குந்தாபாய் என்னும் பெண்ணை மணந்தார். உழைப்பாளியான மருமகன் கிடைத்ததில் மாமன் சந்திரபானுக்கு மகிழ்ச்சி. ஆனால் அக்காலத்து விதர்ப்பத்தில் உழவனின் மகிழ்ச்சி லேவாதேவிக்காரனின் கணக்குப் புத்தகத்தைப் பொறுத்திருந்தது. பருத்தி விளையும் கரிசல் பூமியைக் கடன் பத்திரத்தின் பேரால் கைப்பற்றிய சாகுகார்கள் ஊர்தோறும் இருந்தனர். எழுத்தறியாத சந்திரபான் எதில் கைநாட்டு வைத்தோம் என்பதே அறியாமல் நல்ல நிலத்தை இழந்தார். அத்துயரிலேயே உயிரும் நீத்தார். நிலத்தைக் கைக்கொள்ள வந்த சாகுகாரின் ஆட்களை டேபுஜி வயலிலே நின்று எதிர்த்து விரட்டினார் என்று அவர் வரலாறு எழுதியோர் யாவரும் கூறுவர். குடி, கடன், கல்லாமை ஆகிய மூன்றும் குடும்பங்களை எவ்வாறு தெருவுக்குக் கொண்டுவருகின்றன என்பதை அவர் எந்தப் புத்தகத்திலிருந்தும் அறியவேண்டியிருக்கவில்லை.

தமக்குப் பெண் குழந்தை பிறந்தபொழுது பெயர் சூட்டும் விழாவுக்கு உறவினர் திரண்டனர். மதுவும் இறைச்சியும் படைப்பது குல வழக்கம். டேபுஜி இனிப்புச் சோறும் பருப்பும் காய்கறியுமே பரிமாறினார். உறவினர் முகம் சுளித்தனர். தந்தையைக் கொன்ற பொருளைத் தம் வீட்டு இலையில் வைக்க அவர் மனம் இசையவில்லை. பின்னாளில் ஊர் ஊராகச் சென்று அவர் செய்த உபதேசத்துக்கு இப்பந்தியே பாயிரம் எனலாம்.

1905ஆம் ஆண்டில், ஓர் இரவு, மனைவியையும் மக்களையும் தாயாரையும் விட்டு அவர் வீட்டினின்று வெளியேறினார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் நாடெங்கும் அலைந்தார். காதில் ஒன்றில் சோழியும் மற்றொன்றில் உடைந்த வளையல் துண்டும் அணிந்தார். கையிலிருந்த பானையோடே உண்கலம். வெயிலிலும் மழையிலும் அதுவே தலைக்கவசம். மண்பானைக்கு மராத்தியில் ‘காட்கே’ என்பர். பெயரறியாத மக்கள் அக்கலத்தின் பெயராலேயே அவரை அழைத்தனர்.

இங்கு ஒன்று சொல்லவேண்டும். வீட்டைத் துறந்தவர் காட்டுக்குப் போவது நம் நாட்டு மரபு. இவர் தெருவுக்குப் போனார். எந்த ஊரில் நுழைந்தாலும் முதலில் செய்வது தெருவைப் பெருக்குவது. யாரென்று ஒருவரும் அறியார். பைத்தியக்காரன் என்று சிறுவர் கல்லெறிவதும் உண்டு. மாலைக்குள் சாக்கடைக் கரையும் கோயில் முற்றமும் சுத்தமாகிவிடும். பிறகு ஊரார் கூடுவர், கீர்த்தனம் நடைபெறும். தெருவிலே உழைப்பவரிடம் ஒரு பிடி ரொட்டியை ஓட்டில் வாங்கி உண்டு, விருந்தழைப்புக்கு இசையாமல், பொழுது விடிவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அலைந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் கோயில் மண்டபத்தில் படுத்து விரட்டப்பட்டவனின் இரவு எப்படியிருக்கும், சத்திரத்தின் வாயிலில் சாதி கேட்கப்பட்டவனின் பசி எப்படியிருக்கும் என்பதையெல்லாம் தம் உடம்பாலேயே அவர் கற்றார்.

அவருடைய முதற் பெரும்பணி பூர்ணா நதிக்கரையில் உள்ள ருணமோசன் என்னும் தலத்தில் நிகழ்ந்தது. தை மாதத்தையொட்டி அங்குத் திருவிழா கூடும். ஆற்றுக்கு இறங்கும் சரிவு வழுக்கல் நிறைந்தது. முதியோரும் பெண்டிரும் விழுந்து அடிபடுவர். காட்கே மகராஜ் மண்வெட்டி எடுத்துப் படிபோல வெட்டத் தொடங்கினார். பார்த்தவர் கைகொடுத்தனர். 1908ஆம் ஆண்டு வாக்கில் அங்குப் படித்துறை அமைந்தது. தாமே முதலில் தொடங்குவது, பார்த்தவரைச் சேர்த்துக்கொள்வது, முடிந்ததும் ஊராரிடம் ஒப்படைத்துவிட்டு நகர்வது என்ற அம்முறையை அவர் இறுதிவரை மாற்றவே இல்லை.

இனிப் பண்டரிபுரத்துக்கு வருவோம். ஆஷாட ஏகாதசிக்கு ஞானேசுவரர் பல்லக்கு ஆளந்தியிலிருந்தும், துக்காராமர் பல்லக்கு தேஹுவிலிருந்தும் புறப்பட்டு நம் புனே நகரில் தங்கிச் செல்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். தாளம் தட்டி, தலையில் துளசி மாடம் ஏந்தி, லட்சக்கணக்கான உழவர் மக்கள் கால்நடையாக நடக்கின்றனர். அவர்களுக்கு நீரும் பழமும் வழங்குவதில் நம் அன்பர்களும் கலந்துகொள்வதுண்டு. இக்கூட்டம் போய்ச் சேருமிடத்தில் எங்கே படுக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அக்காலத்துப் பண்டரிபுரத்தில் இது பெரிய வினா. வசதியுள்ளோர் பூசாரிகள் வீட்டில் காசு கொடுத்துத் தங்குவர். சற்றுக் குறைந்தோர்க்குச் சில மடங்கள் உண்டு. ஏழைகள் சந்திரபாகா நதியின் மணலில் படுப்பர். ஆஷாடமோ மழைக்காலம், மேலே மழை, கீழே பெருகும் ஆறு. 1906இல் பார்சி லைட் ரயில்வேயின் சிறு ரயில் பண்டரிபுரத்தை எட்டியது. யாத்திரிகரைக் கொண்டுவந்து இறக்குவதில் ரயில் வல்லது. இறங்கியவர் எங்கே தங்குவர் என்பது ரயிலின் கவலையன்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வேயில் எழுத்தராக இருக்கும் நான் இதைச் சொல்லலாம்: பயணச்சீட்டின் எண்ணிக்கை எங்கள் ஏட்டில் ஏறும், படுக்க இடமில்லாதவரின் எண்ணிக்கைக்கு ஏடு கிடையாது. கூட்டம் மிகுந்தது, அசுத்தம் மிகுந்தது, விழாக் காலங்களில் வாந்திபேதி பரவி, திரும்பும் வழியிலேயே பலர் மாண்டதும் உண்டு.

அம்மணலில்தான் காட்கே மகராஜ் துடைப்பத்தோடு நின்றார். ஆண்டுதோறும் பண்டரிபுரம் வந்தும் அவர் விட்டலனைக் காணக் கோயிலுக்குள் செல்வதில்லை. மக்கள் கழித்த அசுத்தத்தை அள்ளி மணலைத் தூய்மைப்படுத்துவார். இரவில் அங்கேயே கீர்த்தனம் செய்வார்.

யாத்திரிகருள் யாவரினும் இழிவாக நடத்தப்பட்டோர் மகார் முதலிய ஒடுக்கப்பட்ட குலத்தோர். அவர்களுக்குக் கோயிலும் இல்லை, மடமும் இல்லை, கிணறும் இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் அக்குலத்தில் தோன்றிய சொக்கமேளர் என்னும் அருளாளரின் சமாதி கோயில் வாயிற்படியின் அருகே உள்ளது; அவர் வழியினரோ அந்தப் படியைத் தாண்ட இயலாதிருந்தனர். நந்தனார் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. 1917ஆம் ஆண்டு முதல் 1920 வரையுள்ள காலத்தில் காட்கே மகராஜ் அவர்களுக்கென அவ்வூரில் சொக்கமேளர் பெயரால் ஒரு தர்மசாலையை எழுப்பினார். மரத்தடியிலும் மணலிலும் கிடந்தவர்க்குக் கூரையும் சுவரும் உண்டாயின. வேறு சமூகத்தார்க்கும் அங்கே தர்மசாலைகள் அமைய அவர் காரணமாயிருந்தார்.

சாதிக்கொரு தர்மசாலை கட்டுவது சாதியை ஒப்புக்கொள்வதாகாதா என்று கேட்போர் அன்றும் இருந்திருக்கலாம், இன்றும் உண்டு. கேள்வி நியாயமானதே. என் சிற்றறிவுக்குத் தோன்றுவது இது: கோயில் கதவு திறக்கும்வரை மழையில் நில்லுங்கள் என்று ஒரு தாயையும் கைக்குழந்தையையும் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை. கோயில் கதவு 1947ஆம் ஆண்டு மே மாதத்தில், சானே குருஜி உண்ணாநோன்பு இருந்த பின்னரே திறந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளின் மழை யாருக்காகவும் காத்திருக்கவில்லை. தம் கீர்த்தனங்களில் தீண்டாமையை அவர் சாடியதைப்போல் வெளிப்படையாகச் சாடியோர் அக்காலத் துறவியருள் சிலரே.

பண்டரிபுரத்துக்குப் பின் நாசிக், தேஹு, ஆளந்தி, மூர்த்திஜாபூர் என்று தர்மசாலைகள் பெருகின. நம் புனேக்கு மிக அண்மையில் உள்ள ஆளந்திக்கும் தேஹுவுக்கும் சென்று வருவோர் அவற்றை நேரிலேயே காணலாம். இவை எவ்வாறு எழுந்தன என்பதுதான் ஆராயத்தக்கது. அவர் கையில் ஒரு செப்புக்காசும் வைத்ததில்லை. கீர்த்தனத்தின் வழியாகவே பணம் வந்தது. அவருடைய கீர்த்தனம் பண்டிதர் செய்யும் கதாகாலட்சேபம் போன்றதன்று. விதர்ப்பத்து நாட்டுப்புற மொழியில், எதிரே இருப்போரைக் கேள்வி கேட்டு, அவர் வாயாலேயே விடை வருவித்து, சிரிக்கவைத்து, உடனே வெட்கப்படவும் வைக்கும் பேச்சு அது. கடன் வாங்கித் திருமணம் செய்வதையும், தெய்வத்தின் பெயரால் ஆடு வெட்டுவதையும், கள்ளுக்கடையையும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமையையும் அவர் இடித்துரைப்பார். முடிவில் கோபாலன் நாமத்தைக் கூட்டமே சேர்ந்து பாடும். உருகிய மக்கள் கொடுப்பர். கொடுத்த பணத்தை அவ்வூரின் நம்பத்தக்க மனிதர் பெற்றுக் கணக்கு வைப்பர். கட்டட வேலையில் ஊரார் கல் சுமப்பர், அவரும் சுமப்பார்.

கட்டி முடிந்ததும் பத்திரம் எழுதப்படும். நிர்வாகத்துக்கு ஒரு குழு உண்டு. அக்குழுவில் தமக்கோ, தம் மனைவி மக்களுக்கோ, உறவினர்க்கோ யாதொரு உரிமையும் இல்லாதபடி அவர் பார்த்துக்கொண்டார். பத்திரத்தின் பேரால் மாமன் நிலத்தை இழந்ததைக் கண்டவர் அல்லவா? எழுத்தின் வலிமையை எழுத்தறியாத அவர் நன்கு அறிந்திருந்தார். அறச்சாலைகள் பிற்காலத்தில் வாரிசுகளின் வீடாக மாறுவதை நாமும் கண்டிருக்கிறோம். தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரத்தைக் கட்டினார். இராமேசுவரம் செல்லும் வழிநெடுகச் சத்திரங்கள் இருந்தன. மராட்டியர் நம் நாட்டில் கட்டிய அச்சத்திரங்களுக்கு அரசரின் மானியம் துணையாயிருந்தது. கந்தல் அணிந்த இவருக்கு மானியம் கொடுக்க அரசர் இல்லை; ஆகவே பத்திரமும் குழுவும் கணக்கும் துணையாயின.

தர்மசாலைகளில் தங்குவோர்க்குச் சமைத்துக்கொள்ளப் பாத்திரங்கள் கொடுக்கும் ஏற்பாடும் இருந்தது. பார்வையற்றோர், முடவர், தொழுநோயாளர் ஆகியோர்க்குத் திருத்தலங்களில் அன்னதானம் நடைபெற்றது. துணியும் கம்பளியும் வழங்கப்பட்டன. அன்னதானம் என்றவுடன் நாம் இலை போட்டு அழைப்பதை நினைப்போம். அவரோ நோயாளிகள் கூடியிருக்கும் இடத்துக்கே சென்றார், அவர்களைக் குளிப்பாட்டினார், தம் கையால் பரிமாறினார். இக்காலத்தில் நகரசபைகள் இரவு விடுதிகள் நடத்துகின்றன. நம் புனேயிலும் உண்டு. லட்சம் பேருக்கு ஒன்றாக, நூறு பேர் தங்கத்தக்க விடுதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் வலியுறுத்தியது. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நாட்டில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 லட்சம். ஆயினும் விடுதி கட்டிப் பலகை மாட்டியதும் நடைபாதையில் படுப்பவர் தாமே வந்துவிடுவதில்லை. மூட்டை திருடுபோகுமோ, மனைவி ஓரிடமும் தாம் ஓரிடமும் பிரியவேண்டுமோ, விடியற்காலக் கூலி வேலைக்குத் தொலைவாகுமோ என்று அவர் அஞ்சுவார். அவரிடம் சென்று, அருகே அமர்ந்து, பேசி அழைத்துவர ஒருவர் வேண்டும். அவ்வேலையைச் செய்யத்தக்க உடையையே காட்கே மகராஜ் வாழ்நாள் முழுதும் அணிந்திருந்தார் எனலாம்.

இத்தகைய பெரியாரின் வரலாற்றில் மனத்தை உறுத்தும் பகுதியும் உண்டு. அதை மறைத்துப் புகழ்வது முறையாகாது. ஊருக்கெல்லாம் கூரை தேடியவரின் மனைவிக்குக் கூரை எது? குந்தாபாய் கணவர் வெளியேறிய இரவிலிருந்து மாமியாரையும் குழந்தைகளையும் தம் உழைப்பாலேயே காத்தார். பின்னாளில் பெரிய தர்மசாலைகள் எழுந்தபொழுதும், அவற்றின் அருகே எளிய குடிசையில்தான் அவர் வாழ்ந்தார் என்பர். அன்பர் எவரேனும் அக்குடும்பத்துக்கு நல்ல உணவோ உடையோ கொடுத்தால் மகராஜ் கடிந்துகொள்வார். தர்மத்தின் பணம் ஒரு பிடியும் தம் குடும்பத்தில் கலக்கக்கூடாது என்பது அவர் கருத்து. நியாயமே. எனினும் அந்த நியாயத்தின் சுமையைத் தாங்கியவள் ஒரு பெண். அவளைக் கேட்டு அவர் வீட்டைத் துறக்கவில்லை. காட்கே மகராஜுக்கு நாட்டும் சிலைகளின் ஓரத்தில் குந்தாபாய்க்கும் ஓரிடம் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

1923இல் அவருடைய மகன் கோவிந்தன் வெறிநாய் கடித்து இறந்தான். செய்தி வந்தபொழுது அவர் கொங்கண நாட்டில் காரேபாடண் என்னும் ஊரில் கீர்த்தனம் செய்துகொண்டிருந்தார். செய்தியைக் கேட்டார், எத்தனையோ பெற்றோர் இழந்த பிள்ளைகளுள் தம் பிள்ளையும் ஒருவன் என்னும் கருத்தைக் கூறிவிட்டுக் கீர்த்தனத்தைத் தொடர்ந்தார். இதைப் பற்றின்மை என்று போற்றுவோர் உண்டு. அந்நேரத்தில் மூர்த்திஜாபூர்ப் பக்கத்தில் தனியே அழுதிருக்கக்கூடிய தாயை நினைக்கும்பொழுது, போற்றுவதற்கு என் நா எழுவதில்லை.

டாக்டர் அம்பேத்கருக்கும் அவருக்கும் இருந்த நட்பு வியத்தற்குரியது. ஒருவர் கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் பெற்றவர். மற்றவர் கையெழுத்தும் அறியாதவர். சாமியார்களிடம் பெரிதும் நம்பிக்கை வைக்காத அம்பேத்கர் இவரிடம் மதிப்பு வைத்திருந்தார். 1949இல் காட்கே மகராஜ் பம்பாயில் நோயுற்றிருந்தபொழுது, மத்திய அரசின் சட்ட அமைச்சராயிருந்த அம்பேத்கர் அவரைச் சென்று கண்டார். அவ்வாண்டில் பண்டரிபுரத்துச் சொக்கமேளர் தர்மசாலையை அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகத்துக்கு மகராஜ் கொடையாக அளித்தார். யாத்திரை செல்வோர்க்கென்று கட்டியதைக் கல்விக்கென்று கொடுத்ததில் அவர் மன வளர்ச்சி தெரிகின்றது. இரவு ஒன்றுக்குக் கூரை தரலாம். கடன் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவனிடமிருந்து அவன் சொந்தக் கூரையைப் பறிப்பது எளிதன்று. ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவை நிறுவிய கர்மவீரர் பாவுராவ் பாட்டீலுக்கும் இவர் உற்ற துணையாயிருந்தார். கராட் நகரில் 1954இல் அச்சங்கம் தொடங்கிய கல்லூரிக்குக் காட்கே மகராஜின் பெயரே இடப்பட்டது. பள்ளியில் கால் வைக்காதவர் பெயரால் கல்லூரி!

அதே 1954ஆம் ஆண்டு பம்பாயில் ஜே. ஜே. மருத்துவமனையில் நோயாளிகளின் உறவினர்க்கென ஒரு தர்மசாலை எழுந்தது. இது புதுவகைத் தர்மசாலை. அதுவரை சத்திரம் என்றால் தெய்வத்தைத் தேடி வருவோர்க்கு. இது உயிரைத் தேடி வருவோர்க்கு. கிராமத்திலிருந்து நோயாளியை அழைத்து வருபவர், நோயாளிக்குப் படுக்கை கிடைத்தவுடன் தாம் வீடற்றவராகிவிடுவார். மருத்துவமனைத் தாழ்வாரமும் எதிர்ப்புற நடைபாதையுமே அவருக்கு உறைவிடம். மாதக்கணக்கில் வைத்தியம் நீடித்தால் நடைபாதையிலேயே அடுப்பு மூட்டவேண்டும். இத்துன்பத்தை முதலில் கண்டு ஏற்பாடு செய்தோருள் இவர் ஒருவர். அவர் காலத்துக்குப் பின் தாதரில் அவர் பெயரால் எழுந்த தர்மசாலையில், பரேலிலுள்ள டாட்டா மருத்துவமனைக்குப் புற்றுநோய் வைத்தியத்துக்காக வருவோர் தங்குகின்றனர். அம்மருத்துவமனைக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர் என்பதை நாம் அறிவோம்.

1952ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் காட்கே மகராஜ் மிஷன் நிறுவப்பட்டு, ஆங்காங்கே தனித்தனியே நடைபெற்ற பணிகள் ஓர் அமைப்பின் கீழ் வந்தன. தர்மசாலைகளோடு, பழங்குடிச் சிறுவர்க்கான ஆசிரமப் பள்ளிகளையும் அம்மிஷன் பின்னாளில் நடத்தியது. மகராஜின் உபதேசத்தைப் பத்துச் செயல்களாகத் தொகுத்துத் தர்மசாலைச் சுவர்களில் எழுதி வைத்திருப்பதைக் காணலாம். பசித்தவர், தாகமுற்றவர், உடையற்றவர், வேலையற்றவர், நோயுற்றவர், வாயில்லா உயிர்கள் என ஒவ்வொருவர்க்கும் செய்யவேண்டியதை அது கூறும். வீடற்றவர்க்கு உறைவிடம் என்பதும் அப்பத்தில் ஒன்று. கோயிலுக்குச் செல்வதும் விரதம் இருப்பதும் அப்பட்டியலில் இல்லை.

1956ஆம் ஆண்டில் அவர் உடல் தளர்ந்தது. எண்பது வயது நிறைந்துவிட்டது. மருத்துவமனையில் சேர்ப்பதும் அங்கிருந்து அவர் வெளியேறுவதுமாக நாட்கள் சென்றன. நவம்பர் 8ஆம் நாள் பம்பாய் பாந்திராவில் காவல் நிலையத்தில் அவர் செய்த கீர்த்தனமே கடைசிக் கீர்த்தனம் என்பர். அது ஒலிப்பதிவு செய்யப்பெற்றமையால் அவர் குரலை இன்றும் கேட்கலாம். மராத்தி நன்கு புரியாத நம் முதியோரும் அதைக் கேட்கவேண்டும். கூட்டத்தை அவர் கேள்வி கேட்பதும், கூட்டம் ஒரே குரலில் விடை கூறுவதும் பொருள் தெரியாமலே விளங்கும். டிசம்பர் 6ஆம் நாள் டில்லியில் அம்பேத்கர் காலமான செய்தி அவரை மிகவும் வாட்டிற்று.

பதினான்கு நாட்கள் கழிந்தன. டிசம்பர் 20ஆம் நாள் நள்ளிரவை அடுத்த வேளையில், அவரை ஏற்றிச் சென்ற மோட்டார் வண்டி அமராவதியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வல்காவ் என்னும் ஊரின் அருகே, பேடி ஆற்றுப் பாலத்தையொட்டி, வண்டியிலேயே அவர் உயிர் பிரிந்தது. உடலை அமராவதிக்குக் கொண்டு சென்றனர். பெருந்திரளான மக்கள் கூடி இறுதிக்கடன் செய்த அவ்விடத்தில் சமாதி எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்து அப்பகுதி காட்கே நகர் ஆயிற்று. 1977இல் அவர் வரலாறு ‘தேவகிநந்தன் கோபாலா’ என்னும் மராத்தித் திரைப்படமாக வந்தது. மத்திய அரசு 1998இல் தபால்தலை வெளியிட்டது. மராட்டிய அரசு 2000ஆம் ஆண்டில் தொடங்கிய கிராமத் தூய்மை இயக்கத்துக்கு அவர் பெயரை இட்டது. அமராவதிப் பல்கலைக்கழகமும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

அவர் ஊர்களைக் காண விரும்பும் சங்க அன்பர்கள் புசாவல் வழியாக மூர்த்திஜாபூர் சந்திப்பில் இறங்கலாம். அங்கிருந்து அஞ்சன்காவ் வழியாக அசல்பூருக்குக் குறுகிய பாதை ரயில் ஓடிய காலம் உண்டு. இப்பொழுது அது நின்றுவிட்டது, பேருந்தில்தான் செல்லவேண்டும். மூர்த்திஜாபூரில் அவர் கட்டிய தர்மசாலையையும் பசுக்கள் காக்கும் கோசாலையையும் பார்த்துவிட்டு, பட்னேரா வழியாக அமராவதி சென்றால் சமாதியைத் தரிசிக்கலாம். தொலைவு செல்ல இயலாதோர் ஒரு ஞாயிறன்று ஆளந்திக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். இந்திராயணிக் கரையில் ஞானேசுவரரை வணங்கிய பின், காட்கே மகராஜ் தர்மசாலை எங்கே என்று யாரைக் கேட்டாலும் வழி காட்டுவர்.